கழித்த கணினிகள் போய்ச் சேர்ந்த இடம்

கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே பல விஷயங்களைச் சொல்லித் தந்துவிடுகிறார்கள். எந்த இயந்திரத்தை வாங்குவது, எப்படி இணைப்பது, கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது. வாங்கியதை ஒருநாள் எப்படி வெளியே அனுப்புவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நெட்வொர்க் விழுந்த நாளையும், சர்வர் அறைக்குள் மழைநீர் புகுந்த நாளையும் உங்கள் மேலாளர்கள் சொல்லியிருப்பார்கள். அவற்றில் என் பங்கு பெருமைப்படும்படிதான் இருந்தது. அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். நான் தப்பு செய்த கதை ஒன்று இருக்கிறது. அது உங்களுக்கு அதிகம் உதவும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எங்கள் ஆலை வண்டிகளுக்கான உதிரி பாகங்கள் செய்துகொண்டிருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், சுற்றுச்சூழல் சான்றிதழ் வாங்கினால்தான் அடுத்த ஆர்டர் என்று சொல்லிவிட்டார். ஆலை முழுக்கப் பச்சை நிறச் சுவரொட்டிகள் ஒட்டினார்கள். வாசலில் வேப்பங்கன்று நட்டார்கள். அதே வருடத்தில்தான் பழைய கணினிகளைக் கழித்துவிட்டுப் புதியவை வாங்கினோம். நூற்று அறுபது கணினிகள், பின்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து மானிட்டர்கள், கீபோர்டுகள், கூடை கூடையாக வயர்கள். எல்லாம் கேன்டீனுக்குப் பின்னாலிருந்த ஓர் அறையில் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன.

தணிக்கை இரண்டு சுற்றாக நடக்கும். முதல் சுற்றுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆலைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், ஆடிட்டர் வரும்போது அந்த ரூம் காலியா இருக்கணும். எப்படின்னு நான் கேக்க மாட்டேன்."

நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இரும்பைக் கடையும் லேத் பிரிவிலிருந்து கழிவுச் சுருள் எடுக்க வாராவாரம் வருகிற பழைய சாமான் வியாபாரியையே வரச் சொன்னேன். இரண்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். கேட் பாஸில் 'போகும் இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அறையைக் கழுவிவிட்டு அங்கே இரண்டு பூந்தொட்டி வைத்தோம். முதல் சுற்றுத் தணிக்கை நல்லபடியாக முடிந்தது.

நான்கைந்து மாதம் கழித்து, இரண்டாம் சுற்றுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, முனிராஜ் என் அறைக்கு வந்தார். லேத் ஓட்டுபவர். ஒப்பந்தத் தொழிலாளி. அதற்குமுன் அவரோடு நான் பேசியதே இல்லை. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார்.

"மேடம், ஒரு நிமிஷம் பேசலாங்களா?"

சாப்பாட்டுப் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். பாதி உடைந்த மதர்போர்டு. ஒரு ஓரம் கருகியிருந்தது. அப்போதெல்லாம் கணினியைத் திறந்து உள்ளே இருப்பதை மாற்றிவிடுகிறார்கள் என்று ஒவ்வொரு போர்டிலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி எண் எழுதி வைப்பேன். அந்த ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. ஆலையின் பெயர் அச்சில், எண் என் கையெழுத்தில்.

"எங்க கெடச்சது?"

"எங்கண்ணன் கெணத்து மேட்டுல மேடம். போச்சம்பள்ளிக்கு உள்ளாற எங்க ஊரு. பக்கத்துக் காட்டுல கோழிப் பண்ணை ஒண்ணு சும்மா கெடந்துச்சு. அத ஒருத்தர் வாடகைக்குப் புடிச்சு கம்ப்யூட்டர ஒடைக்கறாரு. பொகைன்னா பொக, வூட்டுல உக்காந்து சாப்புட முடியல. போன வாரம் மழை பேஞ்சுதில்லீங்களா, அவங்க ஆசிட் ஊத்தற குழி நெரம்பி எங்கண்ணன் கெணத்துல வழிஞ்சிடுச்சு. தண்ணி மேல பச்சையா ஏடு மாதிரி நிக்குது."

"அந்தத் தண்ணியையா குடிக்கறீங்க?"

"வேற தண்ணிக்கு எங்க போறது?" என்றவர், கதவைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னேன்னு யாருக்கும் சொல்லிடாதீங்க மேடம். கான்ட்ராக்ட்ல இருக்கறவன்." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். போச்சம்பள்ளியில் முனிராஜ் பைக்கோடு நின்றிருந்தார். கோழிப் பண்ணைக்குக் கொஞ்சம் முன்பே வண்டியை நிறுத்திவிட்டு, "நீங்க போங்க மேடம், நான் இங்கயே இருக்கறேன்" என்றார்.

கொட்டகைக்குள் ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கரி அடுப்பு, அதன்மேல் தகரத் தட்டு. போர்டைத் தட்டில் வைத்து ஈயம் இளகியதும் கம்பியால் சில்லுகளைப் பெயர்த்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டியிருந்தார்கள். வெளியே வயர்கள் எரிந்துகொண்டிருந்தன. பின்பக்கம், போர்டுகளிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுக்கிற ஆசிட் நிரம்பிய நீல நிறப் பீப்பாய்கள், அவற்றை அடுத்து அந்தக் குழி. குழியிலிருந்து கிணறு இருபது முப்பது அடி தூரம்தான்.

லட்சுமம்மா என்கிற பெண் எனக்கு உட்கார ஒரு கணினிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினாள். அவள் விரல் நுனிகளில் தோல் வெளுத்து வெடித்திருந்தது.

"இதெல்லாம் எங்க ஆபீஸ்ல இருந்து வந்ததும்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க அனுப்புனதாம்மா? நல்லாருங்க. இந்த சரக்கு வந்ததுல இருந்து தினம் வேல இருக்குது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வாழ்த்தியதைத்தான் தாங்க முடியவில்லை. ஆனாலும் அடுத்து நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். மூலையில் இன்னும் உருக்காத போர்டுகள் குவிந்திருந்தன. அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எங்கள் ஆலைப் பெயர் இருந்த ஸ்டிக்கர்களை நகத்தால் உரித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கைக்கு எட்டியதையெல்லாம் உரித்தேன்.

"எதுக்கும்மா உரிக்கறீங்க?" என்றாள் லட்சுமம்மா.

"கணக்குக்கு வேணும்" என்று பொய் சொன்னேன்.

அந்த நேரத்தில் என் மனதில் கிணறு இல்லை. தணிக்கைதான் இருந்தது. என் கையெழுத்தை யாராவது பார்த்துவிடுவார்களே என்கிற பயம்தான் இருந்தது. நெருக்கடி வரும்போது நம் கை முதலில் எதை மறைக்கப் போகிறது என்று கவனியுங்கள். நம்மை அதைவிடச் சரியாகக் காட்டுவது வேறு எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை நேராகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவுக்குப் போனேன். அங்கே கெமிஸ்டாக இருந்தவர் என் வயதுக்காரர். அதிகம் பேசமாட்டார். தணிக்கைக்கான கழிவு அறிக்கையில் அவரும் நானும்தான் கையெழுத்துப் போடவேண்டியவர்கள். நடந்ததைச் சொல்லிக் கைப்பையைத் திறந்து ஸ்டிக்கர்களை அவர் மேசையில் கொட்டினேன். காரியத்தை முடித்துவிட்டு வந்தவள்போல நின்றேன் என்று நினைக்கிறேன்.

அவர் ஸ்டிக்கர்களைத் தொடவில்லை. "கெணத்துத் தண்ணி கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"இதை மட்டும் கொண்டு வந்தீங்க."

அவ்வளவுதான் சொன்னார்.  முப்பது வருட உத்தியோகத்தில் பல பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த நாலு வார்த்தை போல எதுவும் என்னை அடித்ததில்லை.

மறுநாள் முனிராஜ் கழுவிய கேனில் கிணற்றுத் தண்ணீர் கொண்டு வந்தார். கெமிஸ்ட் தன் ஆய்வகத்தில் அன்றைக்கே செய்யக்கூடிய சோதனையைச் செய்தார். மீதியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

"செம்பு நெறைய இருக்கு. ஈயமும் இருக்கும்னு நெனைக்கிறேன். ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும்" என்றார்.

"ரிப்போர்ட் வந்ததும் அவங்களுக்குச் சொல்லிடலாமா?"

"அந்த ஒரு வாரம் அவங்க எதைக் குடிப்பாங்க?"

காகிதம் கையில் இல்லாமல் பேசினால் நாளைக்கு நம்மைக் கேள்வி கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆலைத் தலைவரைக் கேட்காமல் பேசினால் அதற்கும் கேள்வி வரும். அன்று மதியம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடியும் போச்சம்பள்ளி போனேன். முனிராஜின் அண்ணன் மாதப்பனிடம், தண்ணீரைக் குடிக்கவேண்டாம், ஆடு மாட்டுக்கும் காட்டவேண்டாம் என்று சொன்னேன். அந்த போர்டுகளை அனுப்பியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவர், "படிச்சவங்கதான நீங்க?" என்று கேட்டார். பிறகு போய்க் கிணற்று மோட்டார் பெட்டியிலிருந்து ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆலைத் தலைவரைப் புதன்கிழமை பார்த்தேன். அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். அந்த ஆர்டர் போனால் இரண்டாவது ஷிஃப்டை மூடவேண்டியிருக்கும். அந்த ஷிஃப்டில் இருந்தவர்களின் பெயர்கள்கூட அவருக்குத் தெரியும்.

"சட்டப்படி நம்ம மேல எதுவும் இல்லை மேடம். வித்தாச்சு. ரசீது இருக்கு. அங்க நம்ம சரக்கு மட்டுமா கெடக்கு? பெங்களூர் ஆபீஸ் சரக்கெல்லாம் கெடக்கும்."

அவர் சொன்னது உண்மை. கணினிக் கழிவுக்கென்று தனிச் சட்டம் அப்போது வரவில்லை.

"திருப்பிக் கொண்டு வந்துடறேன் சார். ஒரு லாரி வேணும்."

"கொண்டு வந்து எங்க வைப்பீங்க? ஆடிட்டர் கண்ணு முன்னாடியா?"

"ஆமா சார்."

"வெளையாடறீங்களா?"

"கழிவு அறிக்கையில நான் கையெழுத்துப் போடணும். இது வெளிய கெடக்கற வரைக்கும் நான் போட மாட்டேன். கெமிஸ்டும் போட மாட்டாராம்."

கெமிஸ்டிடம் நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்திருந்தது. ஆலைத் தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிறகு திரும்பாமலே, "லாரி எடுத்துக்கங்க. என் பேரு இதுல வரக்கூடாது" என்றார்.

வெள்ளிக்கிழமை லாரியோடு போனோம், நானும் கெமிஸ்டும். கொட்டகையை நடத்தியவர் பெயர் சலபதி. குந்தாரப்பள்ளிப் பக்கம் சொந்த ஊர். முன்பு மாட்டுத் தரகு பார்த்தவராம். என்னைவிட இளையவர். எங்களைக் கண்டதும் கும்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும் கையைக் கீழே போட்டார்.

"உங்க பழைய சாமான்காரர்கிட்ட துட்டு குடுத்து வாங்கனது மேடம். சரி, பெரிய கம்பெனி, பொல்லாப்பு வேண்டாம். உங்க ஸ்டிக்கர் இருக்கறத எடுத்துக்கங்க. மத்தது என்னுது."

நியாயமான பேச்சு. நான் குவியலைப் பார்த்தேன். எது எங்களுடையது என்று காட்டுகிற அடையாளத்தை நானே உரித்து எடுத்திருந்தேன். பெங்களூரிலிருந்து வந்த போர்டுகளோடு எங்களுடையவையும் கலந்து, எல்லாம் ஒரே பச்சையாகக் கிடந்தன.

"அன்னிக்கு இந்தம்மா உரிச்சாங்களே" என்றாள் லட்சுமம்மா, அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடியே. குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

கெமிஸ்ட் என் பக்கம் திரும்பவில்லை. சலபதி சிரித்தார். "ஏன் மேடம் உரிச்சீங்க?"

"பயத்துல உரிச்சேன்" என்றேன். "இப்ப எது எங்களதுன்னு என்னால சொல்ல முடியாது. அதனால எல்லாத்தையும் ஏத்திக்கறேன். எல்லாத்தையும்."

"அது எப்படி முடியும்?"

அந்த நேரத்தில் மாதப்பன் வந்தார். பின்னால் ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். அவர் கையில் ஒரு சொம்பு. கிணற்றுக்குள் இறங்கிக் கையாலேயே மொண்டு வந்திருக்கிறார். சட்டை நனைந்திருந்தது. சலபதி முன்னால் சொம்பை நீட்டினார்.

"வெயில்ல நின்னு பேசறீங்க. குடிங்க."

சலபதி சொம்பைப் பார்த்தார். வாங்கவில்லை.

"எம் பொண்டாட்டி புள்ளைங்க மழைக்கப்பறமும் இதத்தான் குடிச்சாங்க. நீங்க ஒரு மடக்கு குடிங்க. அப்பறம் எல்லாம் உங்களுதே."

  சலபதி லாரி டிரைவரைப் பார்த்து, "வண்டிய பின்னால எடுத்து விடுப்பா" என்றார்.

இரண்டு லோடு ஏறியது. ஆசிட் பீப்பாய்களைக் கெமிஸ்ட் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். குழியில் சுண்ணாம்பு கொட்டி, மேல்மண்ணை மூட்டை கட்டி அதையும் ஏற்றினார். மூட்டை கட்டும்போது சலபதியே வந்து ஒரு முனையைப் பிடித்தார்.

கேன்டீனுக்குப் பின்னால் திறந்த வெளியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். தணிக்கை நாளன்று தணிக்கையாளர் அதன் முன்னால் நின்றார். "இது என்ன?" ஆலைத் தலைவர் என்னைப் பார்த்தார். ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். கேட் பாஸின் காலிக் கட்டத்திலிருந்து தொடங்கி, ஸ்டிக்கர் உரித்தது வரைக்கும் சொன்னேன். தணிக்கையாளர் நின்றபடியே எழுதிக்கொண்டார். 'பெரிய குறைபாடு' என்று எங்கள் பெயருக்கு நேராகப் பதிந்தார். சான்றிதழ் மாதக் கணக்கில் தள்ளிப்போனது. ஆர்டர் வந்தது, ஆனால் கேட்டதைவிடக் குறைவாக. இரண்டாவது ஷிஃப்ட் மூடவில்லை. ஓவர்டைம் நின்றுபோனது. கேன்டீனில் நான் உட்கார்ந்த மேசையில் கொஞ்ச நாள் யாரும் வந்து உட்காரவில்லை. அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வும் எனக்கு வரவில்லை.

நல்லது செய்தால் நல்லபடியாக முடியும் என்று உங்களிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. மாதப்பன் எங்கள் முன்னால் வந்து நின்றதில், முனிராஜ்தான் தகவல் சொன்னவர் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த முறை ஒப்பந்தக்காரர் அவர் பெயரை விட்டுவிட்டார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நான் கொடுத்த வாக்கு என்னாலேயே போயிற்று. அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவர ஐந்து மாதம் ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினேன். அலையவிட்டால் நான் மறந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். மறக்கவில்லை. கழிவுக் கிடங்குக்குப் பொறுப்பாளராக அவர் திரும்பி வந்தார், இந்த முறை நிரந்தர வேலையில்.

லட்சுமம்மா மாம்பழக்கூழ் ஆலைக்குப் போனாள். சீசன் முடிந்ததும் வேலையும் முடிந்தது. "அது கெட்ட வேலதான்மா. ஆனா வருசம் முச்சூடும் இருந்துச்சு" என்றாள் என்னிடம்.  எங்கள் கேன்டீனில் அவளையும் இன்னொருத்தியையும் சேர்க்க முடிந்தது. மற்ற நால்வருக்கு முடியவில்லை. ஒரு தீங்கை நிறுத்தும்போது அதை நம்பிப் பிழைத்தவர்களையும் சேர்த்தே திட்டம் போடவேண்டும். நான் போடவில்லை. நீங்கள் போடுங்கள்.

கிணற்றை இறைத்து, தூர் வாரி, மறுபடி மறுபடி சோதித்தோம். ஆலைச் செலவில் மாதப்பன் வீட்டுக்குத் தனியாகக் குழாய் இழுத்துக் கொடுத்தோம். இரண்டு மழைக்காலம் போன பிறகு தண்ணீர் சரியாக இருப்பதாக அறிக்கை வந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாதப்பன் அதைப் பொறுமையாகக் கேட்டார். "பேப்பர்ல நல்லாத்தான் இருக்குதுங்க. எம் மவ குடிக்க மாட்டேங்கறாளே." கிணற்றுத் தண்ணீர் இன்றைக்கும் மாமரத்துக்குத்தான் போகிறது.

தார்ப்பாய்க்குள் கிடந்ததை முறையாகப் பிரித்தெடுக்க அனுமதி பெற்ற ஒரு நிறுவனம் சென்னைக்கு வெளியே இருப்பது தெரியவர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அதற்குள் நான் கொள்முதல் பிரிவோடு சண்டை போட்டு ஒரு வழக்கத்தைக் கொண்டு வந்திருந்தேன். புது இயந்திரம் கேட்கிறவர் முதலில் பழையதைச் சரிசெய்து பார்த்தாரா என்று எழுதித் தரவேண்டும். விற்கிறவர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பதை வாங்கும்போதே எழுதி வாங்கவேண்டும். ஆரம்பத்தில் எல்லாரும் முனகினார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள்.

லாரி கிளம்பிய காலையில் டிரைவர் பக்கத்தில் நானும் ஏறி உட்கார்ந்தேன். "நீங்க எதுக்கு மேடம் அவ்ளோ தூரம்? நான் எறக்கிட்டு சீட்டு வாங்கியாறேன்" என்றார் அவர். சிரித்துவிட்டு முன்னால் பார்த்தேன். கிருஷ்ணகிரி தாண்டி, வாணியம்பாடி தாண்டி, மதியம் போய்ச் சேர்ந்தோம். உயரமான சுவர், புதிதாக வர்ணம் அடித்த கேட். அலுவலகத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். எல்லாம் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திய தாளை ஒரு அதிகாரி மரியாதையாக நீட்டினார்.

"லோடு எறக்கியாச்சு மேடம். இதுல ஒரு கையெழுத்துப் போட்டா நீங்க கெளம்பலாம்."

பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன்.

"போடறேன் சார். அதுக்கு முன்னால உள்ள வேலை நடக்கற எடத்தைப் பாக்கணும். வேலை செய்யறவங்க கையையும் பாக்கணும்."

"அது பாக்கற எடம் இல்லையே மேடம். ஒரே தூசு."

"பரவாயில்லைங்க" என்று எழுந்தேன். "எந்தப் பக்கம் போகணும்?"